பன்னீர் தெளித்த வெப்சைட்

ஒரு கல்லூரியின் வெப்சைட்டுக்குள் வருகிறவருக்கு வேண்டியது நாலைந்து விஷயம்தான். கல்லூரி எங்கே இருக்கிறது, எந்த பஸ் போகும், என்னென்ன படிப்பு, ஹாஸ்டல் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குமா, போன் அடித்தால் யாராவது எடுப்பார்களா. கல்லூரியை நடத்துகிறவருக்கு வேண்டியது ஒரே விஷயம்: அவருடைய போட்டோ. நடுவில் உட்கார்ந்து டிசைன் செய்கிறவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. கல்லூரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதே இன்று என் பிழைப்பு என்பதால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. 2006-ல் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அப்போது நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ‘ஃபேகல்டி’. காலையில் பிள்ளைகளுக்கு மவுஸ் எது, மானிட்டர் எது என்று சொல்லிக் கொடுப்பேன். மத்தியானத்துக்கு மேல் ஜோடி ஜோடியாக வருகிற மணமக்கள் வீட்டாருக்குக் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பேன். சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவேன். வெப் டிசைன் என்று ஒரு சர்டிபிகேட்டும் வாங்கியிருந்தேன். அந்த சர்டிபிகேட்டை டிசைன் செய்ததும் நான்தான்.

நான் அதுவரை செய்திருந்த ஒரே வெப்சைட் எங்கள் சென்டருடையது. ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறிக்குப் பின்னால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டும். (ஏன் கொட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

வீட்டில் அப்பா அரசு அலுவலக கிளார்க்காக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். தமிழில் அவருக்குப் பிடித்த வார்த்தை ‘நிரந்தரம்’. சென்டரில் என் வேலை நிரந்தரமில்லை என்பதால் அது அவர் கணக்கில் வேலையே இல்லை.

“ஆடி முடியறதுக்குள்ள நிரந்தரமா ஒரு வேலையக் காட்டு. இல்லன்னா ஆவணில கல்யாணம். திட்டக்குடிக்காரங்க எத்தினி மாசம்தான் காத்துக்கெடப்பாங்க?” என்றார்.

திட்டக்குடி மாப்பிள்ளைக்கு உரக்கடை. தரகர் கொண்டுவந்த போட்டோவில் டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். டிராக்டர் ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரே நிபந்தனை: பெண் வேலைக்குப் போகக் கூடாது. பத்திரிகை டைப் அடிக்கிற வேலையாக இருந்தாலும் அது என் வேலை.

இந்த நிலையில்தான் மாமா ஒரு சேதியோடு வந்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர், ஞானசேகரன். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். (கல்லூரியின் பெயர் வேண்டாம். அவர்கள் பிற்பாடு நல்ல வெப்சைட்டாக வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொண்டார்கள்.)

“ஏ கலா, எங்க தாளாளரு காலேஜுக்கு வெப்சைட்டு போடணும்ங்கறாரு. நல்லா அமைஞ்சா சிஸ்டம் அட்மின்னு ஒரு போஸ்ட்டு இருக்குது. பெர்மனன்ட்டு. ஒனக்குத்தான்னு பேசி வச்சிட்டேன்.”

“என்னான்னு சொன்னீங்க மாமா?”

“எம் மச்சினிச்சி மவுச நவுத்துனா நட்சத்திரம் கொட்டும்னு சொன்னேன்.”

தாளாளர் பழனிவேல் காடாம்புலியூர்க்காரர். முந்திரி வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, அதற்கடுத்த கட்டமாகப் பொறியாளர்களை உற்பத்தி செய்ய வந்தவர். நிலம் வாங்கியதும் அவர் முதலில் கட்டியது வகுப்பறை இல்லை, தோரணவாயில். பஸ்ஸிலிருந்து பார்த்தால் கல்லூரியைவிட வளைவு ஒரு மாடி உயரமாகத் தெரியும். அவர் முன்னால் நான் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா உட்காரவில்லை.

“ஏம்மா, வெப்சைட்டுன்னா என்னா? வாசல்தான?”

“ஆமாங்கய்யா. உலகமே நுழையற வாசல்.” (எனக்கு அந்த வயதில் வாய் கொஞ்சம் ஜாஸ்தி.)

“சரி. வாசல்ல நாம என்னா செய்வோம்?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

“வரவேப்போம்ங்கய்யா.”

“அப்டிச் சொல்லு! கல்யாணத்துக்கு வர்றவங்கள வாசல்ல நிக்க வச்சி பன்னீர் தெளிக்கறோமில்ல? சந்தனம், கல்கண்டு குடுக்கறோமில்ல? நம்ம காலேஜுக்கு வர்றவன் மட்டும் காஞ்ச மூஞ்சியோட உள்ள வரலாமா?”

விவரமுள்ள டிசைனராக இருந்தால் இந்த இடத்தில், ‘ஐயா, யார் வருவாங்க? அவுங்க எதத் தேடி வருவாங்க?’ என்று கேட்டிருப்பார். நான் கேட்டது இது:

“பன்னீர் இடது பக்கத்துலேருந்து தெளிக்கட்டுங்களா, வலது பக்கத்துலேருந்துங்களா?”

“ரெண்டு பக்கமும்,” என்றார் தாளாளர். மாமாவைப் பார்த்து, “வெவரமான பொண்ணுய்யா,” என்றார்.

அன்றிலிருந்து நான் சாப்பிட்டது தூங்கியது எல்லாம் அந்த வெப்சைட்டோடுதான். திறந்தவுடன் தோரணவாயில் வரும். அதன் கதவுகள் மெல்லத் திறக்கும். (நிஜ வளைவில் கதவே கிடையாது. நான் வைத்துக் கொடுத்தேன்.) பக்கத்து வீட்டுக் கல்யாண கேசட்டிலிருந்து எடுத்த நாதஸ்வரம் ஒலிக்கும். இரண்டு பக்கமும் வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு சாய்ந்து துளித்துளியாகத் தெளிக்கும். அதற்கு நடுவே சிவப்பு எழுத்தில் ‘வருக வருக’ என்று வலமிருந்து இடமாக ஓடும். கீழே தாளாளர் கை கூப்பி நிற்பார். அவர் சும்மா நின்றால் போதாது, கும்பிட வேண்டும் என்று கைகள் பிரிந்து சேர்கிற மாதிரி செய்தேன். இரண்டே படம் மாறி மாறி வந்ததால் பார்ப்பதற்குக் கொசு அடிக்கிற மாதிரி இருந்தது. அதையும் தாளாளர் ரசித்தார்.

மாமா மட்டும் ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏ கலா, பஸ் ரூட்டு, போன் நம்பரு, இதெல்லாம் எங்க?”

“அதெல்லாம் கடைசிப் பக்கம் மாமா. மொதல்ல வரவேற்பு.”

“கடைசிப் பக்கத்தக் காட்டேன்.”

“இன்னும் போடல மாமா.”

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் கம்ப்யூட்டரில் தமிழ் என்பது பெரும்பாலும் ஒரு வேஷம். நாம் ‘வ’ என்று பார்ப்போம். உள்ளே அது ஆங்கில ‘டி’. அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் எல்லாம் அழகான தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துபோய், கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பத்திரிகை டைப் அடித்து டைப் அடித்து, வேஷம் கலைந்த எழுத்தையே நேராகத் தமிழாகப் படிக்கிற அளவுக்கு நான் தேறியிருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் அந்த வித்தை தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதற்காக முன்யோசனையே இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘இந்தத் தளத்தைப் படிக்க இங்கே உள்ள எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு குறிப்பு வைத்தேன். அதே எழுத்துருவில்.

எங்கள் சென்டரில் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக வந்தது. மாமாவின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் பிரமாதம். (இரண்டிலும் அதே எழுத்துருவில்தான் சுற்றறிக்கை அடித்துக்கொண்டிருந்தோம்.) போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும் என்று தாளாளர் ஆனிக் கடைசியில் ஒரு நல்ல நேரம் குறித்தார். வெறும் திறப்பு விழாவாகப் போய்விடக் கூடாது என்று, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோரையும் கல்லூரி பஸ்களை அனுப்பி ஊர் ஊராக அள்ளிக்கொண்டு வந்தார். கவுன்சிலிங் நேரம். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. சிறப்பு விருந்தினர், கல்வித் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அரங்கம் நிறைந்திருந்தது.

நான் பட்டுப் பாவாடை வயதைத் தாண்டிவிட்டதால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் ஒரு லேப்டாப். மூடிக்கு மாவிலை, ஓரத்தில் மஞ்சள் குங்குமம்.

“இது எதுங்க மாமா?”

“ஐயா நேத்திக்குத்தான் வாங்கனாரு. ஆபீஸ்ல இருக்கற பழைய பெட்டி மேடைக்கு எடுப்பா இல்லியாம்.”

அந்த நொடியில் என் தலையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ‘புது ஸ்கிரீன், கலர் நல்லா எடுக்கும்’ என்று சந்தோஷப்பட்டேன்.

மவுஸ் வயரைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். விருந்தினர் கத்தரியை நீட்ட, மாமா பாய்ந்துபோய், “ரிப்பனுங்க சார், ஒயரு இல்ல!” என்று விரலைக் குறுக்கே வைத்துக் காப்பாற்றினார். விருந்தினர் கிளிக் செய்தார். பின்னால் பெரிய திரையில் தோரணவாயில் வந்தது. கைதட்டல். கதவு பாதி திறந்து நின்றது.

“தொறக்குது, தொறக்குது,” என்றார் தாளாளர், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி.

திறந்தது. நாதஸ்வரம் ஆரம்பித்து, இன்டர்நெட் வேகத்துக்கு ஏற்ப ஒரே சுரத்தில் நின்று இழுத்தது. பன்னீர் தெளித்தது. அதற்கு நடுவே வலமிருந்து இடமாக, சிவப்பாக, ஆளுயர எழுத்தில் ஓடிவந்தது:

tUf tUf

விருந்தினர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மைக்கிலேயே படித்தார். “டஃப்... டஃப்...”

அவர் பார்வை கீழே, கொசு அடித்துக்கொண்டிருந்த தாளாளரின் படத்துக்கு இறங்கியது. படத்தடியில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: godpNty;

“காட்...” என்று படித்தார் விருந்தினர். அதற்கு மேல் அவருக்கு வாயில் நுழையவில்லை.

தாளாளர் மாமா பக்கம் சாய்ந்து, “என்னாய்யா போட்டுருக்குது?” என்றார்.

என் மாமாவின் பெருமையை நான் இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆபீஸ் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு கணம்கூட யோசிக்காமல், “நம்ம கொள்கைங்கய்யா. டஃப்னா கட்டுப்பாடு ஜாஸ்தின்னு அர்த்தம்,” என்றார்.

“அப்போ கீழ?”

“காட். கடவுள் பக்திங்கய்யா.”

தாளாளர் தன் போட்டோவுக்கு அடியில் கடவுள் என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

விருந்தினர் காதிலும் அது விழுந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. “கட்டுப்பாடு! தெய்வ பக்தி! இந்தக் காலத்தில் ஒரு கல்லூரி இதைத் தன் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது என்றால்...” என்று ஆரம்பித்துவிட்டார். எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வேலை கைக்கு வந்திருக்கும்.

ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ‘வருக’வை வழுக்காமல் ஓட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? அதைப்போய் டஃப் என்றால்? விடுவிடுவென்று மேடை ஏறி இன்னொரு மைக்கைப் பிடித்தேன்.

“அது டஃப் இல்லீங்க சார். வருக. டி-ன்னா வ, யூ-ன்னா ரு, எஃப்-ன்னா க.”

விருந்தினர் திகைத்தார். நான் அதோடு விட்டேனா? “கீழ இருக்கறதும் காட் இல்லீங்க. ஜி-ன்னா ப, ஓ-ன்னா ழ. டாக்குக்கு வர்ற டி-யும் பி-யும் சேந்தா னி. பழனிவேல்!” என்றேன். சற்று முன்வரை கடவுளாக இருந்த மனிதரை, ஊரே பார்க்க, மறுபடி பழனிவேலாக்கினேன். மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பெற்றோர் பக்கம் சலசலப்பு. பெண்ணாடத்துக்காரர் ஒருவர் எழுந்தார். “ஏம்மா, நீ என்னா வேணாலும் சொல்லு, அதுல டஃப்னுதான போட்டிருக்குது? எம் பையன் பிளஸ் டூவே தட்டுத்தடுமாறித்தான் தாண்டனான். இங்க சேத்தா எப்டிம்மா பாஸாவான்?”

“பொண்ணுங்க ஹாஸ்டலு காம்பவுண்டுக்குள்ள இருக்குதா, வெளியவா? அதுல பாத்துச் சொல்லும்மா,” என்றார் ஓர் அம்மா.

எதில் பார்ப்பது? ‘உள்ளே செல்ல’ என்று நான் வைத்த பட்டனும் வேஷம் கலைந்து கிடந்தது. கண்டுபிடித்து அமுக்கினேன். பதற்றத்தில் வேறு எதையோ அமுக்கிவிட்டேன் போல. கதவு மூடி, மறுபடி முதலிலிருந்து திறக்க ஆரம்பித்தது. பன்னீர் மறுபடி தெளித்தது.

“நிறுத்தும்மா மொதல்ல!” என்று தாளாளர் கத்தினார்.

நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மைக் நின்றது, மின்விசிறி நின்றது, திரை இருண்டது. லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே! இருண்ட அரங்கத்தில் நாதஸ்வரம் மட்டும் சன்னமாகத் தொடர்ந்தது. நான் அப்படியே தரைக்குள் போய்விட முடியுமா என்று யோசித்தேன்.

பிளக்கைத் திரும்பச் செருகியபோது, கேள்வி கேட்டவர்கள் மேடையைச் சுற்றி நின்றிருந்தார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்குக் கடைசி பஸ், ஹாஸ்டல் எங்கே, என்னென்ன பிரிவு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நிறுத்த மாட்டேன் என்பதால் உட்கார்ந்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, வேஷமெல்லாம் வேண்டாம் என்று எளிய ஆங்கிலத்தில் டைப் அடிக்க ஆரம்பித்தேன். மாமா எழுந்துவந்து பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“பெண்ணாடத்துக்காரங்க விருத்தாசலத்துல மாறி சிதம்பரம் வரணும்னு போடு. பண்ருட்டிக்காரங்க கடலூர் வந்து மாறணும். பொண்ணுங்க ஹாஸ்டலு காம்பவுண்டுக்குள்ளதான், வாட்ச்மேன் இருக்காருன்னு போடு.”

“போன் நம்பரு போடும்மா!” என்று கூட்டத்தில் ஒரு குரல். போட்டேன். அதை அப்படியே வெப்சைட்டின் முதல் பக்கமாக ஏற்றினேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கிளிக் செய்ததும் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. பெற்றோர்கள் நிஜமாகவே கை தட்டினார்கள். நான் செய்ததிலேயே நல்ல வெப்சைட் அது என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு அவமானச் சின்னமாகத்தான் தெரிந்தது.

தாளாளர் கை தட்டவில்லை. “இந்தா பாரும்மா. இனிமே நீ இந்த வெப்சைட்டத் தொடவே கூடாது. ஒரு புள்ளி வைக்கக் கூடாது, ஒரு புள்ளி எடுக்கக் கூடாது. இது இப்டியே கெடக்கட்டும்.”

“அந்த சிஸ்டம் அட்மின் போஸ்ட்டு...” என்று மாமா இழுத்தார்.

“அப்பறம் பாக்கலாம்.”

தமிழில் ‘அப்பறம் பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பி.முட்லூர் வரை அழுதுகொண்டே வந்தேன். அங்கே உட்கார இடம் கிடைத்ததால் நிறுத்தினேன். அவமானத்தைவிட பயம்தான் ஜாஸ்தி. ஆடி முடிந்தால் ஆவணி, ஆவணி வந்தால் திட்டக்குடி.

மறுநாள் காலை வீட்டில் போன் அடித்தது. அப்பா எடுத்தார்.

“என்னா? ஹாஸ்டலா? ராங் நம்பர்.” வைத்தார். உடனே மறுபடி அடித்தது. “மெக்கானிக்கலா? அதெல்லாம் இங்க இல்லிங்க, இது வூடு.” வைத்தார். மறுபடி அடித்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏ கலா, நம்ம வூட்டு நம்பர எங்க குடுத்துட்டு வந்த?”

எனக்குப் புரிந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு, ‘தொலைபேசி எண்’ என்ற இடத்தைப் பார்த்தாலே என் கை தானாகவே எங்கள் வீட்டு எண்ணை எழுதிவிடும். அன்று மேடையிலும் எழுதிவிட்டது.

“மாத்து,” என்றார் அப்பா.

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாருப்பா. இப்ப போயி இதையும் சொன்னா மாமா வேலைக்கே ஆபத்து.”

அப்பா முதலில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் யாரோ ஓர் அம்மா போனில் அழுதிருக்கிறார். அப்பாவுக்கு வைக்க மனசு வரவில்லை. மாமாவிடம் கேட்டு விவரம் சொன்னார். அதோடு பிடித்துக்கொண்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க, வருகிறவர்களிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று மட்டுமே சொன்ன மனிதர் அவர். ஓய்வு பெற்றபின் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்போது ஜில்லாவே கேட்டது. சாய்வு நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இ.சி.இ-ன்னா என்னா? மெக்கானிக்கல விட ஒசத்தியா?” என்று என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் போனில் அதட்டவே ஆரம்பித்தார். ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார்: “நீங்க சொல்றது இருக்கட்டும். ஒங்க பொண்ணு என்னா செய்யணும்ங்குது? அதக் கேட்டீங்களா? கேக்கலியா? பொண்ண போன்ல குடுங்க.”

நான் சமையலறை வாசலில் கையில் டம்ளரோடு நின்று கேட்டேன். என்னிடம் அவர் அதைக் கேட்டதே கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. முன்பின் தெரியாத அந்தப் பெண்மேல் பொறாமையாகவும் இருந்தது.

அந்த வருஷம் கல்லூரியில் சேர வந்தவர்களெல்லாம் தாளாளரிடம், “ஒங்க அட்மிஷன் ஆபீசரு நல்லா வெவரம் சொன்னாருங்க. கொஞ்சம் கோவக்காரரு, ஆனா நம்பலாம்,” என்று சொல்லியிருக்கிறார்கள். தாளாளருக்குக் குழப்பம். “நம்ம ஆபீஸ்ல போனடிச்சா எடுக்க ஆளே கெடையாதே. யாருய்யா அது?” என்று மாமாவைப் பிடித்து உலுக்க, உண்மை வெளியே வந்துவிட்டது.

மாமா வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். “மாமா, ஒங்களத் தாளாளரு கூப்புடுறாரு,” என்றார் அப்பாவிடம். (அவருக்கு என் அப்பா மாமா.) திட்டு வாங்கத்தான் என்று நினைத்து நானும் கூடப் போனேன். என் தப்புக்கு அப்பா தனியாகத் திட்டு வாங்கக் கூடாது இல்லையா?

தாளாளர் எழுந்து நின்று அப்பாவைக் கும்பிட்டார். இந்த முறை கொசு அடிக்கிற மாதிரி இல்லை. “அட்மிஷன் ஆபீசரா வந்துடுங்க. நிரந்தரமா வச்சிக்கறேன்,” என்றார்.

நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் மனிதர் என்னை மறக்கவில்லை. “எம் பொண்ணுக்குச் சொன்ன வேலைங்க?” என்றார்.

“அய்யய்யோ, அந்தப் பொண்ணு வேணாங்க. என்னக் கடவுளாக்கி ஒடனே எறக்கி வுட்டதுங்க அது.”

ஆக, எனக்கு வர வேண்டிய நிரந்தர வேலை, ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் போனது. அவர் தினமும் காலையில் டிபன் கேரியரோடு கல்லூரி பஸ் ஏறினார். மாலையில் வீட்டுப் போனையும் அவரே பார்த்துக்கொண்டார். ஆடி முடிந்தது. என்னிடம் காட்டுவதற்கு வேலை இல்லை. ஆவணி பிறந்த அன்றிலிருந்து, வாசலில் நிழல் விழுந்தாலே திட்டக்குடிக்காரர்கள்தான் என்று எனக்குத் தூக்கிவாரிப்போடும். யாரும் வரவில்லை. கடைசியில் தரகர் மட்டும் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஏங்க, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? இப்டியா அவமானப்படுத்துவாங்க?”

“நான் என்னாய்யா சொன்னேன்?” என்றார் அப்பா.

“அவுங்க போன் பண்ணி, ‘திட்டக்குடிலேருந்து பேசறோம், பையன் விஷயமா’ன்னு சொல்லிருக்காங்க. நீங்க என்னா மார்க்குன்னு கேட்டீங்களாம். ‘டிகிரியே முடிச்சிட்டான்’னாங்களாம். ‘டிகிரி முடிச்சவனுக்கு இங்க என்னா வேலை? சீட்டெல்லாம் ஃபுல்லாயிடுச்சி. அடுத்த வருஷம் பாருங்க’ன்னு டொக்குனு வச்சிட்டீங்களாம். அடுத்த வருஷம் வரைக்கும் அவுங்க என்னாத்துக்கு நிப்பாங்க? பெண்ணாடத்துல பொண்ணு பாத்து முடிச்சிட்டாங்க.”

தரகர் காபிகூட குடிக்காமல் போய்விட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். அப்பா என் பக்கம் திரும்பினார். பெற்றோர்களிடம் பேசுகிற அதே அதட்டல் குரலில், “சரி, நீ என்னா செய்யணும்ங்கற?” என்றார்.

“வெப்சைட்டு செய்யணும்பா,” என்றேன்.

“செய்யி. போன் நம்பர மட்டும் சரியாப் போடு.”

அதன்பிறகு எங்கள் வீட்டுப் போனை எடுத்தால் அப்பா ‘ஹலோ’ சொல்வதை விட்டுவிட்டார். யார் பேசினாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவராக இருந்தாலும், முதல் கேள்வி இதுதான்: “காலேஜுக்கா, கல்யாணத்துக்கா?” 2010-ல் விழுப்புரத்திலிருந்து ஒருவர் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு போன் செய்தபோதும் அப்பா அதையே கேட்டார். விழுப்புரத்துக்காரர் ஆடிப்போய், பிறகு சமாளித்து பதில் சொல்லியிருக்கிறார். அவர்தான் இன்று என் மாமனார். இன்றைக்கும் அப்பாவுக்குப் போன் செய்தால், அந்தப் பக்கம் கேட்பதற்கு முன்னாலேயே, “கல்யாணத்துக்குத்தாங்க சம்மந்தி,” என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்.